ஹம்மிங் முடிந்து வரும் பாட்டு

வெள்ளிக்கிழமை என்றால் ஊரில் பலருக்குக் கோயில் ஞாபகம் வரும், சிலருக்குப் புதுப்படம். எனக்குப் பல வருஷமாக வேறொரு கிறுக்கு. சினிமாவுக்கு வெளியே, கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுப் போடுகிற பிள்ளைகள் அன்றைக்குத்தான் புதுப்பாட்டுகளை இணையத்தில் விடுவார்கள். இண்டி என்கிறார்கள். சுயாதீன இசை என்றும் ஒரு பேர் இருக்கிறது, கேட்டால் கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு மாதிரி இருக்கும். எதுவானாலும் சரி, காலையில் பல் விளக்கும்போதே போனைக் குழாய்க்கு மேலே சாய்த்து வைத்துவிட்டு, இந்த வாரம் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுவேன்.

இந்த வாரம் ஏழெட்டு வந்திருந்தன. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் கிதாரை வைத்துக்கொண்டு காதலி போய்விட்டாள் என்கிறான். போன மாதமும் அவள்தான் போனாள். சென்னைக் குழு ஒன்று, பாடுகிறவரைப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் பதிவு செய்தது போல ஒரு பாட்டுப் போட்டிருக்கிறது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை, அதுதான் அழகு என்று கீழே ரசிகர்கள் எழுதியிருக்கிறார்கள். மதுரையில் ராப் பாடும் இரண்டு தம்பிகள் தேவலாம், அவர்களிடம் கோபமும் இருக்கிறது, அதைச் சொல்ல மூச்சும் இருக்கிறது. முன்பென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம் எழுதித் தள்ளியிருப்பேன். இப்போதெல்லாம் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறேன். எதைக் கேட்டாலும் எங்கேயோ கேட்டது போல இருக்கிறது. பாட்டுக்கு வயதாகிவிட்டதா எனக்கு வயதாகிவிட்டதா என்று நான் விசாரிப்பதில்லை, பதில் தெரியும்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. வெளிநாட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் இசை செய்கிற ஒரு தமிழ்ப் பையனுடையது. பேர் எதற்கு? கீழே ஆழமாக ஒரு தாளம், அதன்மேல் ஒரு பெண் குரல். வார்த்தை கிடையாது, ஹம்மிங் மட்டும். முதல் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் பற்பசை நுரையோடு நின்றபடியே பாட்டுக்குக் கீழே இருந்த குறிப்பைத் தேடிப் படித்தேன். ‘தென் தமிழகத்தின் மரபான ஒப்பாரி. பாடியவர் தெரியவில்லை’ என்று போட்டிருந்தது.

தெரியவில்லையாம். பாடியவள் அந்த நேரத்துக்குப் போடி பஜாரில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, எவர்சில்வர் குடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வெளியே அடுக்கிக்கொண்டிருப்பாள். பேர் ஜெபா. அது ஒப்பாரியும் இல்லை. முதலில் கோபம் வந்தது. அது நிற்பதற்குள் ஒரு அலுப்பு வந்து மேலே உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் அந்தப் பையன் செய்திருந்த பாட்டு நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகக் குளித்திருப்பேன்.

அந்தக் குரல் காதில் விழுந்ததும் என் மூக்கில் ஏறியது ஃபிளக்ஸ் மையின் நெடி. தேனியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாண்டியண்ணன் வைத்திருந்த ஃபிளக்ஸ் கடையில் அப்போது எனக்கு வேலை. மாடிப்படிக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஒரு முக்காலி. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மனுஷனுக்கு வாழ்க்கையில் வருகிற எல்லாவற்றுக்கும் எங்களிடம் டிசைன் தயாராக இருக்கும். போட்டோவையும் பேரையும் மாற்றினால் போதும். கல்யாண ஃபிளக்ஸில் மாப்பிள்ளைக்குப் பின்னால் சிங்கம் நடந்து வரும். அஞ்சலி ஃபிளக்ஸில் மேகமும் புறாவும். ஒருமுறை அவசரத்தில் கை தவறி, உப்புக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மேகத்துக்கு நடுவே சிங்கத்தோடு போய்ச் சேர்ந்தார். வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இது எடுப்பா இருக்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை செய்யும்போது ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருப்பேன். மற்றது வாடிக்கையாளருக்கு. பாண்டியண்ணன் ஒருநாள் அதைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“தம்பி, இந்தப் பாட்டையெல்லாம் யாரு கேக்குறாக?”

“நான் கேக்குறேன்லண்ணே.”

“ஒருத்தனுக்காகவா இம்புட்டுப் பேரு பாடுறாக?”

அந்த வயதில் அதெல்லாம் உறைக்குமா? போனில் ஒரு குழு ஆரம்பித்து, வாராவாரம் வந்த புதுப்பாட்டுகளைப் பற்றி நீளநீளமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சத்தம் வராமல் அடைத்து வைத்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. என் கூடவே உண்மையாக உட்கார்ந்து கேட்ட ஆள் என்றால் பள்ளிக்கூடத்தில் இருந்து கூடப்படித்த முருகேசன்தான். அவன் போடியிலிருந்து மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். மற்ற நாளெல்லாம் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போவான். ஞாயிற்றுக்கிழமை மளிகைச் சாமான் மட்டும், அன்றைக்கு முன்சீட்டு எனக்கு. ஏலக்காய் மூட்டை ஏற்றி ஏற்றி அந்த ஜீப்பின் சீட்டு, கூரை, ஸ்டியரிங் எல்லாமே மணக்கும்.

போடிமெட்டுப் பாதையில் மூணாவது கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் எங்கள் போன்களில் சிக்னல் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கிற பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். அதனால் தேனிக் கடையிலேயே வெள்ளிக்கிழமைப் பாட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டு போவேன். வளைவு வருவதற்கு முன்னால் முருகேசன் தவறாமல் கேட்பான்.

“மாப்ள, எறக்கி வச்சிருக்கேல்ல?”

போனில் நான் ஆரம்பித்த அந்தக் குழுவில்தான் ஒருநாள் முன்பின் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பாட்டு வந்தது. கூடவே ஒரு செய்தி. “அண்ணே, இது நான் பாடுனது. போடிதான் எனக்கு. எப்படி இருக்குன்னு பொய் சொல்லாமச் சொல்லுங்க.” நாங்கள் இருவரும் ஜீப்பில் வைத்து அதைத் திரும்பத்திரும்பக் கேட்டோம். நம் ஊரிலேயே ஒருத்தி இப்படிப் பாடுகிறாள் என்பதை நம்பவே முடியவில்லை. ஆளைப் பார்த்துவிடுவது என்று பஜாருக்குப் போனால், அது பெரிய பாத்திரக்கடை. கல்லாவில் அவளுடைய அப்பா. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, பையில் பைபிள் வசனம் போட்ட பேனா. என்ன வேணும் என்று அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் முருகேசன் பயந்துபோய் ஒரு டம்ளர் வாங்கிவிட்டான்.

ஜெபா சர்ச் பாட்டுக்குழுவில் சின்ன வயதிலிருந்து பாடினவள். கிதாரும் அங்கன கற்றுக்கொண்டதுதான். முருகேசனுக்கு இசை ஒன்றும் தெரியாது, கை மட்டும் சும்மா இருக்காது. ஸ்டியரிங்கில் தட்டுவான், டீக்கடைப் பெஞ்சில் தட்டுவான். உட்கார்ந்துகொண்டு தட்டுகிற மரப்பெட்டி ஒன்றை நான் போனில் காட்ட, அதே மாதிரி ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொண்டான். வார நாளில் ஜீப்பில் கூடுதலாக ஒரு ஆள் உட்காரவும் அது உதவியது. இரண்டு பேர் சேர்ந்தால் குழுவா என்று கேட்காதீர்கள். ஜெபா அப்படித்தான் முடிவு செய்தாள். பேர் நான் வைத்தது: மூணாவது கொண்டை ஊசி. நான் அந்தக் குழுவின் ரசிகன், விமர்சகன், பை தூக்குகிறவன்.

அவர்கள் முழுதாகச் செய்து வெளியிட்டது ஒரே ஒரு பாட்டு. எங்கள் பக்கத்து வயல்களுக்குப் போகிற பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் திறந்துவிடுகிற நாளைப் பற்றியது. நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். மேலே மடையைத் திறந்தால் கீழே உடனே வந்துவிடாது. காய்ந்து கிடக்கிற கால்வாய் குடித்துக் குடித்து, பிறகுதான் விடும். தண்ணீரின் முன்நுனி, சருகையும் நுரையையும் செருப்பையும் தள்ளிக்கொண்டு, மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் வரும். கரையில் சனம் அதன்கூடவே நடக்கும். சின்னப் பிள்ளைகள் அதற்கு முன்னால் கால்வாய்க்குள் இறங்கி, வருது வருது என்று கத்திக்கொண்டு பின்பக்கமாக நடப்பார்கள். வயசான ஆட்கள்கூட வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த பாலம் வரைக்கும் தண்ணீரோடு நடந்து விட்டுவிட்டு வருவார்கள். அந்த நடைதான் முருகேசனின் தாளம். அவன் கரையில் நடந்து நடந்து அதைப் பிடித்தான்.

ஆனால் பாட்டின் தொடக்கத்தில் தாளமே கிடையாது. வார்த்தையும் கிடையாது. ஜெபாவின் ஹம்மிங் மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். எதற்கு இவ்வளவு நீளம், சனம் தள்ளிவிட்டுப் போய்விடுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“தண்ணி வர்றதுக்கு முன்னாடி வாய்க்கா எப்படிக் கெடக்கும்ண்ணே? அதக் கேக்காம தண்ணி வந்தா என்ன சந்தோசம் இருக்கு?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கடை பூட்டியிருக்கும் மதியத்தில், பின்கட்டு பாத்திர கோடவுனில் வைத்துப் பதிவு செய்தோம். பித்தளை துலக்கிய புளி வாசனையும் வைக்கோல் வாசனையும் கலந்து அடிக்கும். அவள் ஹம்மிங் ஆரம்பித்தால் சுவரோரம் அடுக்கியிருந்த அண்டாக்கள் மெல்ல ரீங்கரிக்கும். அதையும் சேர்த்தே பதிந்துகொண்டோம். பாட்டு வெளிவந்தபின் பெங்களூரிலிருந்து ஒரு ரசிகர், கீழே ஓடுகிற அந்தச் சத்தம் என்ன கருவி, எந்த மாடல் என்று கேட்டு எழுதினார். “கல்யாணச் சமையலுக்கு வாடகைக்கு விடுற மாடல்னு சொல்லு மாப்ள” என்றான் முருகேசன்.

ஹம்மிங் தேய்ந்து நிற்கும். ஒரு நொடி ஒன்றுமே இருக்காது. பிறகு மரப்பெட்டி விழும், வார்த்தை வரும், பின்னால் முருகேசனின் அக்கா பிள்ளைகள் கத்துவதும் ஜெபா அடக்கமுடியாமல் சிரிப்பதும் கேட்கும். அந்த இடத்தில் எனக்கு எத்தனை தடவை கேட்டாலும் உடம்பு சிலிர்க்கும். அவ்வளவு சந்தோஷமான பாட்டு அது. வெளியூரில் கொஞ்சம் பேர் கேட்டார்கள், எழுதினார்கள். எங்கள் பக்கம் ஒருத்தர் கேட்கவில்லை. ஜெபாவுக்கு அதுதான் குறை. “சென்னையில கேட்டு என்னண்ணே செய்ய? வாய்க்கா இங்கனதான இருக்கு” என்பாள்.

அப்புறம் முருகேசனின் அப்பா இறந்துபோனார். மறுநாள் வெயிலில், சவரம் செய்யாத முகத்தோடு தேனிக் கடைக்கு வந்தான்.

“மாப்ள, அப்பா போட்டோவ வச்சு ஸ்டேட்டஸுக்கு ஒரு வீடியோ பண்ணிக் குடுடா. நம்ம பாட்டையே போட்டுரு. எங்க வீட்டுல அத முழுசா உக்காந்து கேட்டது அவரு ஒருத்தர்தான்.”

அப்போதெல்லாம் ஸ்டேட்டஸ் என்றால் முப்பது வினாடிதான். அதற்குள் ஹம்மிங்கே முடியாது. தொடக்கத்திலிருந்து வெட்டி, மேகத்துக்கு நடுவே அவருடைய முகத்தை வைத்து, புறாவைப் பறக்கவிட்டுக் கொடுத்தேன். பார்த்துவிட்டு அவன் அழுதான். நானும்தான் அழுதேன். அதில் தப்பென்று எதுவும் இல்லை. மகன் தன் பாட்டைத் தன் தகப்பனுக்குப் போட்டான், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அவன் தெருவிலிருந்தே ஒருவர் வந்தார். “ஜீப்புக்கார முருகேசன் அப்பாவுக்குப் போட்டீகளே ஒரு மியூசிக், அதையே எங்க ஆத்தாளுக்கும் போடுங்க” என்றார். பிறகு அடுத்த தெரு. பிறகு அடுத்த ஊர். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்றால் நம்புவீர்களா? எங்கள் பக்கத்துச் சனம் கடைசியில் ஒரு இண்டி பாட்டைக் கேட்கிறது! இது போடிப் பிள்ளை பாடினது, இதற்கு அப்புறம்தான் பாட்டே இருக்கிறது, முழுசாகக் கேளுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். எதிரே நிற்கிறவர் கையில் செத்தவரின் போட்டோவோடு நிற்பார். சொல்லக் கூசும். ஒருவரிடம் துணிந்து சொல்லியும் பார்த்தேன். “பாட்டா? அது வெறும் மியூசிக்குதானப்பா” என்றார்.

கம்பம், சின்னமனூர், கடமலைக்குண்டு வரைக்கும் ஃபிளக்ஸ் கடைக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் அந்த முப்பது வினாடியை எடுத்துக்கொண்டார்கள். இழவுச் செய்தி சொல்லிப் போகிற ஆட்டோவின் மைக்கில் அது வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தது. அந்த ஹம்மிங் எங்காவது கேட்டால் யாரு போனாக என்று கேட்கிற வழக்கமே வந்துவிட்டது. பள்ளத்தாக்கில் ஜெபாவின் குரலைக் கேட்காத காது இல்லை. அவள் பேர் தெரிந்த ஆளும் இல்லை.

அவள் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டாள். வீட்டில்தான் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு என்று ஊர் சுற்றியது போதும், கடையைப் பார், இல்லாவிட்டால் கல்யாணம் என்று அண்ணாச்சி நெருக்கினார். அவர் கெட்டவர் இல்லை. மகள் பாட்டைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கம்பத்தில் ஒரு திராட்சை வியாபாரி வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை இந்த மாதிரிப் பாட்டெல்லாம் கேட்கிறவர். உங்கள் சொந்தப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜெபா அப்பாவிடம் போய் நின்றாள். ஒரே ஒரு தடவை நம்ம சனத்துக்கு நடுவில் உட்கார்ந்து கேளுங்கள், அப்புறமும் நீங்கள் கடைக்கு வா என்றால் வந்துவிடுகிறேன் என்றாள். அண்ணாச்சியும் சரி என்று, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து மண்டபத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்தார்.

இந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்களுக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை பாருங்கள்! மூன்று பேர் அத்தனை வாரம் ஒத்திகை பார்த்தோம், மைக் எங்கே, பெட்டி எங்கே, சட்டை என்ன நிறம் என்றெல்லாம் பேசினோம். ஒருத்தருக்கும் அது உறைக்கவே இல்லை. எங்கள் காதில் அந்தப் பாட்டு முழுப்பாட்டு. ஹம்மிங் கேட்கும்போதே எங்களுக்குத் தண்ணீர் கேட்டுவிடும்.

ஜெபா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். மண்டபத்தில் பேச்சு அடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பாருங்கள், கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அடங்கியது அதனால் இல்லை. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில், மணப்பெண்ணின் அத்தை உட்கார்ந்திருந்தாள், போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள். அந்த அம்மாள் வாயில் சேலைத் தலைப்பை வைத்து அமுக்கியும் முடியாமல், “எஞ்சாமி” என்று ஒரு சத்தம் போட்டாள். அவ்வளவுதான். பெண்கள் எல்லாம் அங்கன ஓடினார்கள். மேடையில் நின்ற மணப்பெண் முகம் வெளுத்துப்போனது. பெண்ணின் அப்பா மாலையும் கையுமாக எங்களிடம் வேகமாக வந்தார். திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

“தப்பா நெனைக்காதீக. கல்யாண வீடு. அந்தச் சாவு மியூசிக் மட்டும் வேணாம் ஆத்தா.”

“ஐயா, இன்னும் கொஞ்சந்தான், இப்ப வார்த்தை வந்துரும், இது சந்தோசமான பாட்டுய்யா” என்றான் முருகேசன். இரண்டு கையும் பெட்டிமேல் தயாராக இருந்தது.

“ஏலே, கும்புட்டுக் கேக்குறேன்ல!”

முருகேசன் கையை எடுத்தான். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார், அவருடைய அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். ஜெபா தண்ணீர் குடித்தாள். பிறகு கிதாரைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடினாள். இன்னொன்று. இன்னுமொன்று. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சனம் கைதட்டியது, பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடின. அத்தையைக்கூட எழுப்பிச் சாப்பிட அழைத்துப் போய்விட்டார்கள். பந்தியில் அண்ணாச்சி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். மகளைப் பார்த்து ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

“ஏம்மா, சினிமாப் பாட்டெல்லாம் இம்புட்டு நல்லாப் பாடுவியா? இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?”

ஜெபா இலையைப் பார்த்தபடி தலையாட்டினாள். திரும்பி வரும்போது ஜீப்பில் யாரும் எந்தப் பாட்டும் போடவில்லை.

அடுத்த வாரம் அவள் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டாள். எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலையேறும்போது போனைத் திறந்தால், பாட்டின் பேர் சாம்பல் நிறத்தில் கிடந்தது, தொட்டால் பாடவில்லை. இறக்கி வைத்துவிட்டால் நம்முடையது என்று நான் நினைத்திருந்தேன். பாட்டு ஆப்பில் அங்கே எடுத்துவிட்டால் நம் போனிலும் போய்விடும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். போன் செய்து கேட்டதற்கு, “விடுங்கண்ணே, செத்த வீட்டுப் பாட்டாவே இருந்துட்டுப் போகுது. அவுகளுக்காவது ஆகுதுல்ல” என்றாள். சொன்ன வாக்குப்படி கடைக்கு வந்து உட்கார்ந்தாள். பதிவு இருந்த அவளுடைய லேப்டாப், கடை பில் போடுவதற்கென்று சுத்தமாக அழிக்கப்பட்டு இன்றும் கல்லாவில் இருக்கிறது. முருகேசன் ஜீப்பை விற்றபோது அதில் செருகியிருந்த பென்டிரைவும் சேர்ந்து போய்விட்டது. இப்போது குமுளியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறான். பாண்டியண்ணன் கடையை மூடியபோது கம்ப்யூட்டரைத் துழாவினேன். ‘அஞ்சலி மியூசிக்’ என்ற பேரில் அந்த முப்பது வினாடி பத்து இடத்தில் இருந்தது. மிச்சம் எங்கேயும் இல்லை.

நேற்று போடிக்குப் போய் ஜெபாவிடம் வெளிநாட்டுப் பையனின் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கல்லாவில் நின்றபடி ஒரு காதில் இயர்போனை வைத்துக் கேட்டாள். மறுகாது கடைக்கு. முடிகிற வரைக்கும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நல்லாத்தான் பண்ணிருக்கான்” என்றாள். “ஒப்பாரின்னா போட்ருக்கான்? பாவம், அவன் எதக் கண்டான்.”

“அவனுக்கு எழுதுவோம். முழுப்பாட்டையும் நீ மறுபடி பாடு. அனுப்புவோம். இங்கனயும் போடுவோம். இப்ப யாரு தடுக்கப் போறாக?”

அப்பா மாடியில் தூங்குகிறார் என்றாள், எதற்கென்று தெரியவில்லை. பிறகு சன்னமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹம்மிங்கை விட்டுவிட்டு, நேரே வார்த்தைக்கு வந்தாள். “வந்துருச்சு வந்துருச்சு, வறண்ட வாய்க்கா வழியில...” குரல் அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வரிக்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மறுபடி முதலிலிருந்து பாடினாள். அதே இடத்தில் நின்றாள்.

“நொரையப் பத்தி வரும்ல? இல்ல, அது அதுக்கப்புறம். அண்ணே, அடுத்தது என்ன?”

எனக்கு வரவில்லை. அவசரமாக முருகேசனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். விஷயம் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டி, தாளத்தை வாயாலேயே தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் போட்டுக் காட்டினான். ஒரு அடி பிசகவில்லை. வார்த்தை கேட்டால், “அத நான் எங்க மாப்ள கவனிச்சேன், கை வேலையால்ல இருந்துச்சு” என்றான்.

ஜெபா என்னைத்தான் பார்த்தாள். “நீங்கதானண்ணே அதப் பத்தி அம்புட்டுப் பெருசா எழுதுனீக. அதுல இருக்கும், யோசிங்க.”

யோசிக்கவே வேண்டியதில்லை. நான் எழுதியது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். வறண்ட நிலத்தின் மௌனத்திலிருந்து எழுகிற குரல் என்று ஆரம்பிக்கும். தமிழ் மாற்று இசையின் புதிய திசை என்று வரும். உலோகத்தின் அதிர்வு, மண்ணின் ஞாபகம், எல்லாம் வரும். கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு மனதுக்குள் கடைசி வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு எழுதினவன், அவள் பாடியதிலிருந்து ஒரு வரியைக்கூட எடுத்து எழுதியிருக்கவில்லை.